கழற்றி விட்ட ஆட்டக்காரரை அணி மீண்டும் சேர்க்கலாமா?

காற்பந்துப் பருவம் முடிந்ததும் அணிகள் ஒவ்வொன்றாகப் படங்களை வெளியிடும். ஆட்டக்காரரின் முகம், அதன் கீழே "உங்கள் சேவைக்கு நன்றி" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த சில நாட்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் பந்து ரசிகர்களின் பேச்சு, "அவனை ஏன் விட்டார்கள்?" என்பதாகவே இருக்கும். புதிய பருவத்தில் அணி இரண்டு ஆட்டம் தோற்றதும் பேச்சு திரும்பும். "பேசாமல் அவனையே மறுபடியும் கூப்பிட வேண்டியதுதானே?"

தே தாரேக் ஆறுவதற்குள் ரசிகர் இந்த விவாதத்தை முடித்துவிடலாம். விடுவிக்கப்பட்டவரின் வீட்டில் அது முடிவதில்லை. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் ஆடிய இளைஞருக்கு ஒப்பந்தம் போனால் சம்பளம் போகிறது, அந்தச் சம்பளத்தை நம்பி வாங்கிய கார்க் கடன் மட்டும் நிற்கிறது. கழற்றி விட்டவரை அணி திரும்ப எடுக்கலாமா கூடாதா என்பது அதனால் ரசிகர்களின் பொழுதுபோக்கைத் தாண்டிய கேள்வி.

இதற்குப் பதில் சொல்லுமுன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அவரை ஏன் விடுவித்தார்கள்? இங்கிலாந்தில் ஓர் ஆட்டக்காரர் விடுவிக்கப்பட்டால், அவர் ஆட்டம் அந்த அணிக்குப் போதவில்லை என்று பெரும்பாலும் பொருள் கொள்ளலாம். மலேசியாவில் அப்படிச் சொல்லிவிட முடியாது. இங்கே பல வேளைகளில் காரணம் ஆட்டக்காரரின் காலில் இல்லை, கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

கெலானா ஜெயா அரங்கம் சொல்வது

கெலானா ஜெயாவில் உள்ள எம்பிபிஜே அரங்கில் இன்று சிலாங்கூர் ஆடுகிறது. பழைய ஷா ஆலாம் அரங்கம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுவதால் அந்த ஏற்பாடு. சில ஆண்டுகளுக்கு முன்பு அதே திடல் இன்னோர் அணியின் தாயகமாக இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்து சங்கமான மிஃபாவின் பெயரில் லீக்கில் நுழைந்து, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப் பெயரோடு சூப்பர் லீக்கில் கால் வைத்த அணி அது. முதல் பருவத்தில் கே. தேவன் பயிற்றுநராக இருந்தார். அவருக்குப் பின் பி. மணியம் வந்தார். நாட்டின் முதல்தர லீக்கில் ஆட்டத்துக்கு ஆட்டம் பல இந்தியப் பெயர்கள் ஆட்டக்காரர் பட்டியலில் வந்தது அந்த அணியால்தான். 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இல்லாமல், உள்ளூர்க்காரர்களை மட்டுமே கொண்டு அது சூப்பர் லீக் ஆடியது.

அந்தப் பருவத்தோடு அணி லீக்கிலிருந்து விலகியது. ஒரே நாளில் முழு அணியும் வேலை தேட வேண்டிய நிலை. அவர்களில் யாரையும் "ஆட்டம் போதாது" என்று யாரும் சொல்லவில்லை. கடையே மூடப்பட்டுவிட்டது. அந்த அணியில் கோல் அடித்துக்கொண்டிருந்த டேரன் லோக் சபாவுக்குப் போனார். பிறகு கட்டாரில் 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டிக்கான தேசிய அணியிலும் இருந்தார். கிளப் மூடியதால் வெளியேறிய ஒருவர் தேசிய அணிக்குத் தகுதியானவராகவே இருந்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எல்லாருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அதற்கு அந்த நேரமும் ஒரு காரணம். 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் லீக் உரிமம் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு முதல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கும் நடத்தப்படவில்லை. மேல் மாடியில் இடம் குறைந்த அதே வேளையில் கீழ் மாடியையும் எடுத்துவிட்டார்கள். சூப்பர் லீக்கில் இடம் கிடைக்காதவர் நேராகத் தரையில்தான் விழ வேண்டியிருந்தது. 2025-26 பருவத்துக்கு முன் கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் விலகிக்கொண்டன. மீண்டும் மூன்று அணிகளின் ஆட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான வரம்போ முன்பைவிடத் தளர்த்தப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட லீக்கில் "ஒரு முறை விட்டவர் விட்டவர்தான்" என்று கிளப்புகள் கொள்கை வைத்துக்கொள்வது நியாயமில்லை. அணிக்கும் அது நல்லதல்ல. பணத்தட்டுப்பாட்டால் விட்ட நல்ல ஆட்டக்காரரைக் கௌரவம் பார்த்துத் திரும்ப எடுக்காமல், தெரியாத ஒருவருக்கு அதிகச் சம்பளம் கொடுத்து அழைத்து வருவது எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டு முறை திரும்பிய ஒரே மனிதர்

அதற்காகத் திரும்ப அழைப்பதெல்லாம் நன்மையில் முடிந்துவிடும் என்றும் இல்லை. மன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் 2016-17 பருவத்தில் அந்த அணிக்கு 28 கோல் அடித்தார். 2017 ஏப்ரலில் முழங்காலில் கடுமையான காயம். பருவம் முடிந்ததும் அணி அவரை விடுவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஓராண்டு ஒப்பந்தம் போட்டது. இரண்டாம் வருகையில் அவர் 7 ஆட்டங்களில் இறங்கி ஒரே ஒரு கோல் அடித்தார். 2018 மார்ச்சில் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

அதே மனிதர் இன்னொரு பழைய அணிக்கும் திரும்பினார். 2012-இல் விட்டுப் போன ஏசி மிலானுக்கு 2020 ஜனவரியில் வந்தபோது அவருக்கு வயது 38. கேலி செய்தவர்கள் பலர். 2021-22 பருவத்தில் மிலான் 11 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலிய லீக்கை வென்றது.

ஆள் ஒருவரே, பலன் மட்டும் நேர்மாறு. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மன்செஸ்டரில் அவர் திரும்பியபோது அவருடைய இடத்துக்கு ரொமேலு லுக்காக்கு பெரும் தொகைக்கு ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தார். கால் முழுமையாக ஆறவில்லை. செய்வதற்கு அங்கே வேலையும் இல்லை. மிலானில் நிலைமை வேறு. 2019 டிசம்பரில் அட்டலாண்டாவிடம் 5-0 என்று தோற்று, இளைஞர்கள் நிலைகுலைந்து நின்ற அணி அது. உடைமாற்றும் அறையில் குரல் உயர்த்த ஒருவர் தேவைப்பட்டார். அணி அவருக்கு முதலில் கொடுத்ததும் பருவ முடிவு வரையிலான குறுகிய ஒப்பந்தம்தான். நீட்டிப்பை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொண்டது. தேவை தெளிவாக இருந்தது, ஆபத்தும் குறைவாக இருந்தது.

பால் போக்பாவின் கதை வேறு பாடம் சொல்லும். 2012-இல் மன்செஸ்டர் அவரைத் தக்கவைக்க முடியாமல் மிகச் சிறு தொகைக்கு யுவெந்தசுக்கு விட்டது. நான்கே ஆண்டில் அவரைத் திரும்ப வாங்க 89 மில்லியன் பவுன் கொடுத்தது. அன்று அது உலகச் சாதனை. 2022-இல் ஒப்பந்தம் முடிந்து மீண்டும் ஒரு காசு இல்லாமல் அவர் யுவெந்தசுக்கே போனார். இளைஞரை அவசரப்பட்டு விட்ட தவறைப் பணத்தால் திருத்த முயன்றது அந்த அணி. விலை அதிகமாகும்போது எதிர்பார்ப்பும் அதிகமாகிறது, அந்தச் சுமையில் நல்ல ஆட்டமும் சிறியதாகத் தெரிகிறது.

கிறிஸ்டியானோ ரொனால்டோ 2021-இல் திரும்பியது ரசிகர்களின் மனத்தைக் குளிர்வித்த வருகை. அந்தப் பருவத்தில் அவர் 24 கோல் அடித்தார். அணியோ லீக்கில் ஆறாம் இடத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் கசப்போடு பிரிந்தார்கள். ஒருவர் கோல் அடிப்பதும் அணி நன்றாக ஆடுவதும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. ஜொகூர் டாருல் தாக்சிமின் முன்னாள் கேப்டன் சஃபிக் ரஹிம் 2018-க்குப் பின் அங்கிருந்து விலகி மலாக்காவில் இரண்டு பருவம் ஆடினார். 2021-இல் ஜொகூர் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. அணியைத் தாங்கும் தூணாக இருக்கும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. அனுபவம் தேவைப்படும் இடத்தில் நிற்கும் மூத்தவராகத்தான் அவர் வந்தார். சென்னையிலும் அப்படித்தான். காயத்துக்குப் பின் சென்னையின் எஃப்சியை விட்டுப் போன பிரேசில்காரர் ரஃபாயெல் கிரிவெல்லாரோவை, 2023-இல் பயிற்றுநர் ஓவன் கோயிலோடு அந்த அணி மீண்டும் அழைத்தது. அந்தப் பருவத்தில் அணி நாக் அவுட் சுற்றுக்குத் தகுதி பெற்றது. கோயில் முன்பு அந்த அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனபோது நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் கிரிவெல்லாரோ. ஆட்டக்காரரின் பலத்தை அறிந்த பயிற்றுநர் கூடவே இருந்ததால், அவரை எங்கே நிறுத்துவது என்று யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

மறுதரப்பும் சும்மா பேசவில்லை

பழையவரைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. முதல் வாதம் இளைஞர்களைப் பற்றியது. முப்பது வயதுக்காரர் ஒருவர் திரும்பினால் இருபது வயதுக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த இருபது வயதுப் பையனும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான். நம் பிள்ளைக்கு வாய்ப்பு வேண்டும் என்று கேட்கும்போது, அந்த வாய்ப்பு இன்னொரு பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மனக்கசப்பு. சம்பள பாக்கி வைத்து அனுப்பிய கிளப்புக்குத் திரும்பும் ஆட்டக்காரர் எந்த மனத்தோடு ஓடுவார்? முதல் மாதச் சம்பளம் ஒரு வாரம் தாமதமானாலே பழைய காயம் திறந்துகொள்ளும். பாக்கியைத் தீர்க்காமல் புது ஒப்பந்தத்தை நீட்டும் கிளப்பை நம்பக் கூடாது. பழைய கணக்கை முதலில் முடிக்க வேண்டும்.

மூன்றாவது, நினைவு செய்யும் மோசடி. ரசிகர் மனத்தில் இருப்பவர் நான்கு வருடத்துக்கு முந்தைய ஆட்டக்காரர். திடலுக்கு வரப்போகிறவர் இன்றைய ஆட்டக்காரர். இருவருக்கும் பெயரும் சட்டை எண்ணும் ஒன்றாக இருக்கலாம், கால் ஒன்றாக இருக்காது. சிலாங்கூரின் மாவீரர் மொக்தார் டஹாரி 1986-இல் மலேசியக் கிண்ணத்தோடு விடைபெற்று, மறுபடியும் வந்து ஆடி, 1987 மே மாதம் முழுமையாக ஓய்வு பெற்றார். அவருக்கே அந்தத் திரும்பல் ஓராண்டுக்குள் முடிந்தது என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

முடிவெடுக்க உதவும் நான்கு கேள்விகள்

இரு தரப்பையும் வைத்துப் பார்த்தால், அணி நிர்வாகம் நான்கு விஷயங்களைத் தனக்குள் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் சரியான முடிவுக்கு வரலாம்.

முதலாவது, ஏன் விட்டோம்? பணமில்லாமல் விட்டிருந்தால் கதவு திறந்தே இருக்க வேண்டும். காயத்துக்காக விட்டிருந்தால் மருத்துவப் பரிசோதனை பதில் சொல்லட்டும். ஒழுங்குப் பிரச்சினைக்காக விட்டிருந்தால், அது மாறியிருக்கிறதா என்று இடைப்பட்ட காலத்தில் அவரோடு வேலை செய்த பயிற்றுநரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, இடையில் என்ன செய்தார்? வேறு அணியில் தொடர்ந்து ஆடினாரா, கீழ்நிலை லீக்கிலாவது காலை ஓட்டத்தில் வைத்திருந்தாரா, அல்லது தொலைபேசி வருமென்று வீட்டில் காத்திருந்தாரா?

மூன்றாவது, எந்த வேலைக்கு அழைக்கிறோம்? இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாத அணி அவரை அழைக்கக் கூடாது. "இடது தற்காப்பில் ஆளில்லை" என்பது பதில். "ரசிகர்கள் கேட்கிறார்கள்" என்பது பதிலாகாது.

நான்காவது, எவ்வளவு காலத்துக்கு? பருவத்துக்கு முந்தைய பயிற்சியில் சேர்த்துப் பார்த்து, குறுகிய ஒப்பந்தத்தில் தொடங்கி, ஆடிய ஆட்டங்களைப் பொறுத்து நீட்டிப்பு என்று எழுதினால் இரு பக்கமும் ஏமாறாது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் பந்துத் திடல் இருந்தது. பால் வெட்டு முடிந்து மாலையில் இறங்கினால் இருட்டும் வரை ஆட்டம். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. அங்கிருந்து மாவட்டம், மாநிலம் என்று படி இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயங்களோடு திடல்களும் போயின. அடுக்குமாடி வீட்டுப் பையனுக்குக் காசு கட்டி ஆடும் ஃபுட்சால் கூடம்தான் மிச்சம். முதல்தர லீக்கில் ஆடும் நம்மவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலையில், எட்டிப் பிடித்த ஒருவர் விடுவிக்கப்பட்டு அப்படியே காணாமல் போவது அந்த இளைஞரோடு நின்றுவிடும் இழப்பில்லை. அவரைப் பார்த்துப் பந்து எடுத்த பத்துப் பையன்களின் அப்பாக்கள், "பார்த்தாயா, பந்து சோறு போடாது" என்று சொல்ல அது காரணமாகிவிடும்.

வேறு வழி இருக்கிறது என்பதற்குக் கென்னி பல்ராஜ் ஓர் உதாரணம். 2018-இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக் அணியில் இருந்தவர். பேராக்கின் பணச் சிக்கல் முற்றிய காலத்தில் கோலாலம்பூர் சிட்டிக்கு வந்தார். 2021 நவம்பரில் அந்த அணி ஜொகூரை 2-0 என்று வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்தபோது அவரும் அதில் இருந்தார். ஓர் அணியின் சிக்கலில் கைவிட்டுப் போன ஆட்டக்காரர் இன்னோர் அணிக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுப்பார் என்பதைப் பழைய அணிகள் நினைவில் வைப்பது நல்லது.

இங்கிலாந்தின் ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வென்ஸ்டே 16 வயதில் ஆள் சிறியவன் என்று விட்டது. அவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே வாரம் 30 பவுனுக்குச் சிறு அணியில் ஆடினார். படிப்படியாக ஏறி 2012-இல் லெஸ்டருக்கு வந்து, 2016-இல் பிரிமியர் லீக்கையே வென்றார். அவர் உழைப்பு பெரிது. அதோடு, ஏறுவதற்கு அங்கே படி இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே 2024-இல் தொடங்கிய ஏ1 செமி-புரோ லீக் அந்தப் படியாக வளரலாம். மலாக்கா எஃப்சியும் குடிநுழைவுத் துறை அணியும் அங்கிருந்துதான் 2025-26 சூப்பர் லீக்குக்கு வந்தன. விடுவிக்கப்பட்ட இளைஞர் பெரிய அணியின் அழைப்புக்காக ஒரு வருடம் காத்திருப்பதைவிட, சம்பளம் குறைந்தாலும் அங்கே வாரந்தோறும் ஆடுவது மேல். திரும்ப அழைக்க நினைக்கும் அணி பார்க்க விரும்புவது பழைய காணொளியை அல்ல, போன வார ஆட்டத்தை.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களும் உண்டு. ஒப்பந்தத்தின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். இபிஎஃப், சொக்சோ சந்தாவைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனால், எழுத்து மூலம் அறிவித்து குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தை முறிக்க ஆட்டக்காரருக்கு நியாயமான காரணம் உண்டு என்கிறது ஃபிஃபா விதி. உள்ளூர் ஒப்பந்தத் தகராறு முதலில் மலேசியக் காற்பந்து சங்கத்தின் முன் போகும். அதற்குத் துணை நிற்க நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கமான பிஎஃப்ஏஎம் இருக்கிறது. வாய்மொழி வாக்குறுதியை நம்பிப் பழைய கிளப்புக்கு ஓடிப்போக வேண்டாம்.

ஆக, சிலாங்கூரோ கோலாலம்பூர் சிட்டியோ தாங்கள் விட்ட ஒருவரைத் திரும்ப எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். பணத்துக்காக விட்டவர், இடையில் ஆடிக்கொண்டே இருந்தவர், அணியில் அவருக்கென்று காலியிடம் உள்ளவர் என்றால் தயங்கவே வேண்டாம். பழைய பாசத்துக்காகவும் டிக்கெட் விற்பனைக்காகவும் என்றால் வேண்டாம். அது அணிக்கும் உதவாது, கை தட்டி வரவேற்கப்பட்டு ஆறு மாதத்தில் பெஞ்சிலிருந்து வெளியேறப்போகும் அந்த ஆட்டக்காரருக்கும் உதவாது.

அணிகள் இன்னொன்றும் செய்யலாம். விடுவிக்கும் நாளிலேயே காரணத்தை நேராகச் சொல்லி, பாக்கியைத் தீர்த்து, என்ன திருத்தினால் திரும்ப வரலாம் என்றும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. நாளைக்கே அவர் தேவைப்பட்டால், தொலைபேசியை எடுத்துக் கூப்பிடும் முகமாவது மிஞ்சியிருக்கும்.